டப்பா இருந்தா ஆள் இருக்கு

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் உட்கார இடம் கிடையாது. நாலாம் வகுப்பில் உட்கார ஆள் கிடையாது.

தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று முனிசிபாலிட்டி நடத்திய பள்ளி அது. தகரக் கூரை, நாலு வகுப்பு, நடுவில் பலகைத் தடுப்பு. ஒன்றாம் வகுப்பில் நூற்றுப் பத்துப் பிள்ளைகள். உள்ளே கொள்ளாமல் வாசற்படியிலும், வாசற்படி கொள்ளாமல் சாக்கடைக் கட்டையிலும் உட்கார்ந்திருப்பார்கள். சண்முகவடிவு டீச்சர் கடைசி வரிசைக்கு ‘ஆ’ சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் முதல் வரிசைக்கு ‘அ’ மறந்துபோயிருக்கும். இரண்டாம் வகுப்பில் எழுபது. மூன்றில் நாற்பது. நாலில் பதினெட்டு. மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி மேலே அகலம், கீழே ஒரு ஓட்டை.

நடுவில் காணாமல்போன பிள்ளைகளை யாரும் தேடவேண்டியதில்லை. ஒன்பது வயதானால் பையனுக்குத் தோல்கிடங்கு, பெல்ட் பட்டறை, டீக்கடை. கொஞ்சம் துணிச்சல்காரனுக்குக் குர்லா ஒர்க்‌ஷாப். பெண்பிள்ளைக்கு இடுப்பில் ஒரு தம்பி, தலையில் ஒரு தவலை. அத்தோடு படிப்பு முடிந்தது.

ஆறுமுகத்தாயின் மகள் பேராச்சி அந்தப் பதினெட்டில் ஒருத்தி. அவளை நாலாம் வகுப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இந்தி எழுத்து அங்கேதான் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், காய்ச்சலில் கிடந்த சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆறுமுகத்தாய், சயானில் நிற்காத வண்டியில் ஏறி தாணாவில் போய் இறங்கினாள். பலகையில் எழுதித்தான் இருந்ததாம். ஸ்டேஷனில் ஒருவன் சொன்னான், “கண்ணு இல்லயா?” என்று கூடவே கேட்டும்விட்டான். கண் இருந்தது. அன்றைக்குப் பிள்ளை பிழைத்தது அவனுடைய ஆயுசு கெட்டி என்பதால். “என் மவளுக்கு எந்த வண்டி எங்க நிக்கும்னு தெரியணும். அது தெரிஞ்ச பொறவு அவ ஆடு மேய்ச்சாலும் சரி” என்று சொல்லிவிட்டாள்.

அவள் வேலை தோல்கிடங்கில். பச்சைத்தோலை விரித்து, உப்புத் தடவி, அடுக்குகிற வேலை. உள்ளங்கை இரண்டும் வெடித்துப் பாளம்பாளமாய் இருக்கும். அந்தக் கை கன்னத்தில் பட்டால் எப்படியிருக்கும் என்று தெருவில் இரண்டு பேருக்குத் தெரியும். அதனால் தெருக்குழாய் லைனுக்கு அவள்தான் தலைவி. யாரும் ஓட்டுப்போட்டு வைக்கவில்லை. அவள் நின்றாள், லைன் ஒழுங்காக நின்றது, அவ்வளவுதான்.

லைனுக்கென்று ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் வருகிற வரைக்கும் ஆள் நிற்கவேண்டாம், டப்பா நின்றால் போதும். டப்பா இருந்தால் ஆள் இருக்கு. டப்பாவைத் தள்ளி வைத்தவன் ஆளைத் தள்ளினவன். கல்லை வைத்து இடம் பிடிக்க முடியாது. கல்லை எவனும் எங்கேயும் வைப்பான். டப்பாவுக்கு நசுங்கல் உண்டு, துரு உண்டு, முகம் உண்டு. இருட்டில்கூட எது யார் வீட்டு டப்பா என்று ஆறுமுகத்தாய் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

சீனாக்காரன் சண்டை முடிந்த மறு வருஷம், தீபாவளி லீவு கழிந்து பள்ளி திறந்ததும் நாலாம் வகுப்பு வாத்தியார் பிரம்மநாயகம் குழாயடிக்கே வந்துவிட்டார். மாட்டுங்காவில் இருக்கிறவர். வெள்ளை வேட்டியைச் சேற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோழி மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தார்.

“அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வராரும்மா. தலை எண்ணப் போறார். இருபத்தஞ்சுக்குக் கீழே இருந்தா வகுப்பை மூடிடுவா. இருக்கற பிள்ளைகளை மாட்டுங்கா ஸ்கூல்ல சேர்த்துடுவா.”

“எந்தக் கெழமை வராரு?”

“அதைச் சொன்னா இன்ஸ்பெக்டர் எதுக்கு?”

விஷயம் ராத்திரிச் சோற்றுக்கு முன்பே நயினார் காதுக்குப் போய்விட்டது. நயினார் அவள் புருஷன். குர்லாவில் இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். அதிகம் பேசமாட்டான். பேசினால் அதுவும் சம்மட்டிதான்.

“மாட்டுங்காவா? தண்டவாளம் தாண்டியா? பொட்டப்புள்ளயவா? படிச்சது போதும். வீட்ல இருந்து சின்னவனப் பாத்துக்கிடட்டும்.”

“வகுப்ப இன்னும் மூடலல்லா. மூடுனா சொல்லுங்க.”

“மூடத்தான் போறான்.”

“நீங்க சோத்தத் தின்னுங்க. மூடுத சோலிய அவிய பாப்பாவ, தொறக்குத சோலிய நான் பாக்கேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, ஏழு பிள்ளைகள் குறைகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைக்கலாம் என்று முதலில் நினைத்தாள். இன்ஸ்பெக்டர் குருடாக இருந்தால் அது நடக்கும். மூக்கு ஒழுகுகிற உருப்படியை நாலாப்பு என்று எவன் நம்புவான்? கணக்கெடுப்பில் சேரவேண்டும் என்றால் உருவம் வேண்டும். உருவம் இருக்கிறதெல்லாம் பட்டறையில் இருந்தது.

சலாவுதீன் பாயின் பெல்ட் பட்டறை பள்ளிக்கூடத்துக்குப் பின்சுவர். பாய்க்குக் காயல்பட்டினம் பக்கம். அவரிடம் நாலு பையன்கள் வேலை செய்தார்கள். அதில் மூத்தவன் பூலோகம். அவனுக்குப் பன்னிரண்டு வயது என்று அவன் ஆத்தா சொர்ணம்மாள் சொல்வாள். அவன் மேலுதடு வேறு கணக்குச் சொல்லும்.

“பாய், இந்த நாலு பயலுவளயும் ஒரு வாரத்துக்கு நாலாப்புக்கு வுடணும்.”

“என்னத்துக்கு? இவனையா இன்ஸ்பெக்டருக்குக் காட்டப் போறே? மீசை வந்துட்டும்மா அவனுக்கு.”

“சிரைச்சிரலாம்.”

பூலோகம் மேலுதட்டைப் பொத்திக்கொண்டான். வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவனுக்கு அது சொத்து.

“ஒரு வாரம் இவனுவ அங்க போய்க் குந்திக்கிட்டா, இங்க பக்கிள் அடிக்கிறது யாரு? நீயா?” என்றார் பாய்.

“குந்த வேண்டாம் பாய். டப்பாவ வச்சிட்டு வரட்டும். இன்ஸ்பெக்டர் வந்தா, இஸ்கூல் மணிக்குத் தொங்குத தண்டவாளத் துண்டுல மூணு அடி அடிக்கச் சொல்லுதேன். சத்தம் கேட்டதும் சுவரு ஏறிக் குதிச்சா வகுப்புதான.”

பாய் யோசித்தார். பட்டறையில் இருந்த எல்லோரும் யோசித்தார்கள். யாருக்கும் இதில் சிரிப்பு வரவில்லை. டப்பா இருந்தால் ஆள் இருக்கு. அதிலென்ன சந்தேகம்?

“எங்க வூட்டு சைனபையும் சேத்துக்க. அவளும் மூணாப்போட நின்ன புள்ளதான்” என்று உள்ளேயிருந்து பாயின் சம்சாரம் ரஷீதா சொன்னாள். “ஆனா தம்பியத் தூக்கிக்கிட்டுத்தான் வருவா. அவன இறக்கி விட்டா ஊரைக் கூட்டுவான்.”

அப்படியே டீக்கடைப் பையன்கள், தோல்கிடங்குப் பையன்கள் என்று ஆறுமுகத்தாய் பதின்மூன்று பேரைத் திரட்டினாள். ஏழு போதும். ஆனால் லைன் நடத்துகிறவளுக்குத் தெரியும், கூப்பிட்டதில் பாதிதான் வந்து சேரும்.

காலைத் தண்ணீர் விடியற்காலம் வந்து போய்விடும். அதற்கப்புறம் சாயங்காலம் வரை டப்பாக்களுக்கு வேலை கிடையாது. திங்கட்கிழமை காலையில் பதின்மூன்று டப்பாவும் நாலாம் வகுப்பில் வரிசையாக உட்கார்ந்தன.

பிரம்மநாயகம் வாத்தியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது?”

“புள்ளைய, வாத்தியாரய்யா.”

“இது டின்னும்மா.”

“டின்னுதான். அது பூலோகம். இது சைனப். அந்த மூக்கு நசுங்குனது டீக்கடைப் பிச்சையா.”

வாத்தியார் திருதிருவென்று விழித்தார். வீட்டுக்குள்ளேயே குழாய் வைத்திருக்கிற மனுஷருக்கு இதெல்லாம் எப்படி விளங்கும்? “எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் ஒண்ணையும் பார்க்கலை” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பிள்ளைகளுக்கு டப்பாக்கள் பழகிவிட்டன. ஆஜர் கூப்பிடும்போது “பூலோகம்?” என்றால், “டப்பா, சார்” என்று பத்துக் குரல் வந்தது. ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்காத குற்றத்துக்காகப் பூலோகத்தின் டப்பாவை யாரோ மூலையில் கவிழ்த்து வைத்தார்கள். செவ்வாய் மத்தியானம் வாத்தியாரே, அடித்தொண்டையில் கத்திப் பாடம் நடத்திக் களைத்துப்போய், “பின் வரிசை மட்டும்தான் ஒழுங்கா இருக்கு. அவாளைப் பார்த்துக் கத்துக்கோங்கோ” என்றாராம். பேராச்சி வந்து சொன்னாள்.

புதன்கிழமை விடியற்காலம் தண்ணீர் வரவில்லை.

குழாய் இரண்டு முறை இருமியது. ஒரு சொட்டுத் துருவைத் துப்பியது. அவ்வளவுதான். லைனில் அறுபது டப்பா நின்றது. அந்தப் பதின்மூன்றும் அதில்தான். பள்ளிக்கூட நேரம் நெருங்கியது. ஒரு வீட்டுக்கு ஒரு டப்பாதான். இங்கே நின்றால் அங்கே இல்லை.

“நான் டப்பாவ எடுக்க மாட்டேன்” என்றாள் சொர்ணம்மாள். பூலோகத்தின் ஆத்தாளுக்கு லைனில் எப்போதும் ரெண்டாவது இடம். முதல் இடத்தின் மேல் ஒரு கண். “தண்ணி எப்ப வரும்னு யாரு கண்டா?”

“சாயங்காலம்தான் வரும்.”

“யாரு சொன்னா?”

“முனிசிபாலிட்டிக்காரன் சொன்னான். பைப்பு வெடிச்சிட்டாம்.”

“எந்த முனிசிபாலிட்டிக்காரன்?”

“காக்கி டவுசர் போட்டவன்.”

காக்கி டவுசர் போடாத முனிசிபாலிட்டிக்காரன் பம்பாயில் கிடையாது. ஆறுமுகத்தாய் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. பொய்யைச் சொல்லும்போது உப்புத் தடவுகிற மாதிரி, ஒரு இடம் விடாமல் தடவவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பதின்மூன்று டப்பாவும் லைனை விட்டு எழுந்து பள்ளிக்கூடம் போயின. அவை போனதைப் பார்த்து மற்றவர்களும், சாயங்காலம்தானே என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியில், இடம் பிடிக்கத்தான் ஒரு இடம் இருக்கிறதே என்று நாலாம் வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

வெயில் ஏறின நேரம். ஆறுமுகத்தாய் உப்பில் முழங்கை வரை கை வைத்திருந்தாள். தண்டவாளத் துண்டு மூன்று முறை அடித்தது.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். போகிற வழியில் தோல்கிடங்குப் பையன்களை ஒரு அதட்டுப் போட்டு இழுத்தாள். பின்சுவர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்த பூலோகத்தின் கை இரண்டும் பெல்ட் சாயத்தில் கருப்பாக இருந்தன. அவன் பின்னால் தம்பியை இடுக்கிக்கொண்டு சைனப். எல்லோரையும் ஜன்னலுக்குக் கீழே குனியச் சொல்லிவிட்டு ஆறுமுகத்தாய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் சாவந்த் சாப் ஏற்கெனவே உள்ளே இருந்தார். குள்ளமான மராட்டிக்காரர். வெள்ளைத் தொப்பி, கையில் குடை. டப்பாக்களைக் குடை நுனியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யே க்யா ஹை, மாஸ்டர்?”

வாத்தியார் ஆஜர் புத்தகத்தைப் புரட்டினார். பேராச்சி எழுந்து நின்றாள். அவளுக்கு இந்தி, தெருவில் கிடைத்தது, பயமில்லாமல் வரும்.

“அது பூலோகம், சாப். இது சைனப். டப்பா இங்க இருக்குல்லா, ஆளும் இங்கதான் இருக்கு.”

சாவந்த் சாப் குடையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். மீசை லேசாக ஆடியது. அது கோபமா வேறு எதுவுமா என்று ஆறுமுகத்தாய்க்குப் பிடிபடவில்லை.

“ஏலே, ஏறிக் குதிங்கலே” என்று பையன்களைக் கிள்ளினாள். முதலில் பூலோகம் ஜன்னல் வழியாக விழுந்தான். பிறகு பிச்சையா, கையில் டீக்கிளாஸ் மாட்டுகிற கம்பி வளையத்தோடு. சைனப் வாசல் வழியாக வந்து, தம்பியை மடியில் போட்டு உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் குடை நுனியால் எண்ண ஆரம்பித்தார். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று…

அப்போது தெருவில் ஒரு குரல்.

“தண்ணீ…! தண்ணி வந்துட்டூ…!”

முதலில் பெஞ்சு கவிழ்ந்த சத்தம். இன்ஸ்பெக்டர் திரும்புவதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு சொர்ணம்மாள். அவள் பின்னால் ரஷீதா, அவள் பின்னால் தெரு. முப்பது பொம்பளைகள் நாலாம் வகுப்புக்குள் பாய்ந்தார்கள். “ஏட்டி அது என் டப்பா!” “கைய எடுடி, மூக்கப் பேத்துருவேன்!” “இஸ்கூல்ல வைக்கச் சொன்னவ எங்க, அவள வெட்டி இந்த டப்பாவுல போடுதேன்!” சொர்ணம்மாள் ஒரு கையில் டப்பாவையும் மறு கையில் மகனையும் பிடித்து இழுத்தாள். “வாலே தூக்குததுக்கு. படிச்சுக் கிழிச்சது போதும்.” ஒரு டப்பா இன்ஸ்பெக்டர் முழங்காலில் இடித்தது. இன்னொன்று தொப்பியைத் தட்டிவிட்டது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு நூற்றுப் பத்தும், என்னவென்று தெரியாமலே, கூட்டமாகக் கத்த ஆரம்பித்தது.

எண்ணின கணக்குப் போனது. அசல் பதினெட்டில் பதினேழு போனது. தண்ணீர் தூக்குகிற பிள்ளைகள்தானே எல்லாம்? வந்த வழியில் வாசல் போதாமல் ஜன்னல் வழியாகவும் போனார்கள்.

புழுதி அடங்கியபோது வகுப்பில் நாற்காலியில் வாத்தியார் இருந்தார். நடுவில் இன்ஸ்பெக்டர். வாசலில், உப்புக் கையோடு ஆறுமுகத்தாய். முதல் வரிசையில் பேராச்சி. அவள் பக்கத்தில் அவர்கள் வீட்டு டப்பா.

“ஏட்டி, நீ ஏன் போகல?” என்றாள் ஆறுமுகத்தாய். இன்றைக்கு வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

“நானும் போயிட்டா வகுப்புல ஆளே இல்லயேம்மா. பூஜ்யம்னு எழுதிருவாரு.”

சாவந்த் சாப் குனிந்து தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார். அந்த ஒற்றை டப்பாவைத் தூக்கினார். வனஸ்பதி வந்த டப்பா. துருவுக்கு நடுவில் இந்தி எழுத்து பாதி மிஞ்சியிருந்தது. அதைப் பேராச்சி முகத்துக்கு நேரே காட்டி, படி என்றார்.

பேராச்சி விரல் வைத்துத் தடவினாள். “வ… ன… ஸ்… ப…” நிறுத்தினாள். “மிச்சம் துரு தின்னுட்டு, சாப்.”

அவர் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி இந்தியில் சொன்னார். “நான் லால்பாக்ல சால்ல, வரிசை வீட்டுல குடியிருக்கிறவன்மா. எங்க மாடிக்கும் ஒரே குழாய்தான். என் டப்பாவும் இந்நேரம் லைன்லதான் நிக்குது. இந்தச் சட்டத்த எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.” குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். “ஆனா குழாயடியில டப்பாவுக்கு ஏன் மதிப்பு? தண்ணி வந்ததும் அதுக்குரியவன் ஓடி வருவான். இங்க எது வந்தா ஓடி வருவான்? சொல்லு.”

ஆறுமுகத்தாய் உப்புக் கையைச் சேலையில் துடைக்க ஆரம்பித்தாள். லைன் தலைவி இப்படி மாட்டிக்கொண்டதைத் தெரு பார்த்ததில்லை. நல்லவேளை, தெரு குழாயடியில் இருந்தது.

“இன்னிக்கு எண்ணிக்கை எடுக்க முடியல, வகுப்புல தண்ணிக் கலாட்டான்னு எழுதிக்கிறேன்” என்றார் வாத்தியாரிடம். “சங்கராந்தி கழிஞ்சு வருவேன். அன்னிக்கு மூச்சு விடுறத மட்டும்தான் எண்ணுவேன்.”

தண்ணீர் நின்ற பிறகு குழாயடியில் ஆறுமுகத்தாயின் ராஜ்ஜியமும் நின்றது. பாதிப் பேருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. காக்கி டவுசர்க்காரன் யார் என்று சொர்ணம்மாள் கேட்டாள். ஊரே கேட்டது. மறுநாள் விடியற்காலம் ஆறுமுகத்தாயின் டப்பா லைனின் கடைசியில், சாக்கடை ஓரம், தலைகீழாகக் கிடந்தது. சொர்ணம்மாள் முதலில் நின்றாள்.

ஆறுமுகத்தாய் டப்பாவை நிமிர்த்திவைத்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தாள்.

சொர்ணம்மாள் நல்ல மனுஷி. ஆனால் தங்கச்சி வந்தால் முன்னே விடுவாள், மதினி வந்தால் முன்னே விடுவாள். அவளுக்குத் தங்கச்சியும் மதினியும் நிறைய. மூன்றாம் நாள் லைன் லைனாக இல்லை, வட்டமாக இருந்தது. நாலாம் நாள் ரஷீதாவின் டப்பா ஒருத்தி மண்டையில் இறங்கியது. ஐந்தாம் நாள் குழாயின் கைப்பிடியே கழன்று, வந்த தண்ணீரெல்லாம் சாக்கடைக்குப் போனது. கோவணம் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை என்று சலாவுதீன் பாய் தெருவில் நின்று கத்தினார்.

அன்றைக்குச் சாயங்காலம் பத்துப் பொம்பளைகள் ஆறுமுகத்தாய் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் சொர்ணம்மாள், நெற்றியில் ஒரு புடைப்போடு.

“யக்கா, நீயே வந்து நின்னுத் தொலை.”

“நான்தான் பொய்க்காரியாச்சே.”

“பொய்க்காரியா இருந்தாலும் தண்ணி கெடச்சுது.”

ஆறுமுகத்தாய் அரிவாள்மணையில் காயை வைத்து மெதுவாக நறுக்கினாள். ஐந்து நாளாக இன்ஸ்பெக்டரின் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருந்தாள். எது வந்தால் ஓடி வருவான்? பதில் அவள் வாசலுக்கே நடந்து வந்திருந்தது.

“வாரேன். ஆனா லைனுக்குப் புதுச் சட்டம். எந்த வீட்ல புள்ளைய நாலாப்புக்குப் போவுதோ, அந்த வீட்டு டப்பா முன்னால. படிக்க வேண்டிய புள்ளைய வச்சிக்கிட்டு அனுப்பாத வீட்டு டப்பா பின்னால. புள்ள இல்லாத வீடு நடுவுல.”

“இது என்னடி அநியாயமா இருக்கு! குழா என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?”

“இல்ல. முனிசிபாலிட்டி சொத்து. இஸ்கூலும் அவன் சொத்துதான். ரெண்டையும் சேத்துக் கட்டுதேன். இஷ்டம்னா சொல்லுங்க, இல்லன்னா வட்டமா நின்னு மண்டைய ஒடச்சிக்கிடுங்க.”

சொர்ணம்மாள் புடைப்பைத் தடவிப் பார்த்தாள்.

“பூலோகம் சம்பாத்தியம்?”

“மத்தியானம் வரைக்கும் வகுப்பு. பொறவு பட்டறை. பாய்கிட்ட நான் பேசுதேன்.”

பாயிடம் அவள் பேசவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ரஷீதா பேசிவிட்டாள். பாய் மறுநாள் பூலோகத்தைப் பார்த்து, “போடா, போய் அரை நாள் படிச்சிட்டு வா. எனக்குத் தொழுகைக்கு ஒளுச் செய்யத் தண்ணி வேணும்” என்றார்.

சட்டம் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டது. யாருக்கும் படிப்பின் மேல் திடீர் ஆசை வரவில்லை. விடியற்கால லைனில் ஐம்பதாவது ஆளாக நிற்கிறதில் ஆசை போனது, அவ்வளவுதான். பிள்ளைகள் ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார்கள். பிச்சையா வகுப்பில் டீக்கடைப் பழக்கத்தில் “ரெண்டு கட்டிங், ஒரு ஸ்பெஷல்” என்று கத்தினான். பூலோகத்துக்கு முதல் மூன்று நாள் தூக்கம், நாலாவது நாள் சண்டை, அதற்கப்புறம் வழியில்லாமல் எழுத்து. வாத்தியாருக்குத்தான் கஷ்டம். டப்பாக்கள் இருந்தபோது பின் வரிசை எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சண்முகவடிவு டீச்சரிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். நூற்றுப் பத்தை மேய்க்கிற அந்த அம்மாள், “டப்பா மிச்சம் இருந்தா எனக்கு ஒரு அம்பது குடுங்கோ” என்றாளாம்.

சங்கராந்தி கழிந்து சாவந்த் சாப் வந்தார். ஆறுமுகத்தாய் உப்பை விட்டு வந்து ஜன்னலோரம் நின்றாள். இந்தத் தடவை குனியவில்லை.

குடை நுனி நகர்ந்தது. முப்பத்தொன்று. பூலோகத்திடம் வந்ததும் நின்றது. அவன் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தான். மீசை இப்போது தைரியமாகவே இருந்தது.

“இவன் மாணவனா, மாணவனுக்கு அப்பாவா?”

“மாணவன்தான் சாப்” என்றார் வாத்தியார். “கொஞ்சம் சீக்கிரம் வளர்ந்துட்டான்.”

குடை சைனபின் மடிக்கு வந்தது. தம்பி அதன் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

“இதையும் எண்ணணுமா?”

சைனப் எழுந்து நின்றாள். “இது ஒண்ணாப்பு, சாப். அங்க எடம் இல்ல. இப்பவே லைன்ல வச்சிருக்கோம்.”

சாவந்த் சாப் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். வகுப்பு நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் ஆறுமுகத்தாயைக் கடக்கும்போது மெதுவாகக் கேட்டார். “எது வந்தா ஓடி வர்றானுங்க?”

“தண்ணிதான், சாப்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. ஆறுமுகத்தாய் கிடங்கில் இருந்தாள். நயினார் பகல் ஷிப்டுக்குப் போகுமுன், “இன்னைக்கு நீ போகாண்டாம், இவனப் பாத்துக்க” என்று பேராச்சியை வீட்டில் நிறுத்திவிட்டான். ஒரு நாளில் என்ன வந்துவிடும்? மறுநாளும் நிறுத்தினான். பையனுக்கு அதற்குள் குணமாகி, தெருவில் ஓடிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் விடிந்து எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான் நயினார். வீட்டில் தண்ணீர் இல்லை. குழாயடிக்கு வந்தான். முன்னால் சொர்ணம்மாள் டப்பா, ரஷீதா டப்பா. நடுவில் பிள்ளை இல்லாத வீடுகள். அவன் பார்த்துக்கொண்டே நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். கடைசியில், சாக்கடை ஓரம், அவர்கள் வீட்டு வனஸ்பதி டப்பா நின்றது.

ஆறுமுகத்தாய் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். லைன் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

“ஏட்டி, நம்ம டப்பா ஏன் அங்க கெடக்கு?”

“சட்டம், பேராச்சி அப்பா.”

“லைன் தலைவியே நீதான!”

“அதான் நானே தூக்கி வச்சேன். வேற யாரும் தொட்டா சண்டையாயிருக்கும்லா.”

நயினார் அவளைப் பார்த்தான். லைனைப் பார்த்தான். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அவன் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பி, பட்டறையில் கத்துகிற குரலில் கத்தினான்.

“ஏ பேராச்சீ! சிலேட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பு! மனுசன் குளிக்கணும்!”